மார்க்கண்டு மாமாவும் கடை வோட்டும்

மார்க்கண்டு மாமாவுக்குக் கோபம் வந்தால் பத்திரிகைத் தமிழ் வரும். மற்ற வேளைகளில் எங்கள் சுருவில் ஊர்த் தோட்டக்காரர் எல்லோரும் பேசுவதுபோலத்தான் பேசுவார். பங்குக் கிணற்றில் தன் முறை வருமுன்னரே யாராவது துலாவில் ஏறிவிட்டால் போதும், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "இது அப்பட்டமான சர்வாதிகாரம்" என்பார். மாமி இரண்டு நாள் தொடர்ந்து கத்தரிக்காய் சமைத்தால் "சிறுபான்மையோரின் கருத்து நசுக்கப்படுகிறது" என்பார். வீட்டில் கத்தரிக்காய் பிடிக்காதவர் அவர் ஒருவர்தான்.

அவர் என் அம்மாவின் தமையன். புகையிலைத் தோட்டம் செய்தார். பின்னேரமானால் குளித்துவிட்டு வாசிகசாலைக்குப் போய்ப் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பார். படித்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவரால் ஏலாது. பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல் விளங்கவில்லை என்று தெரிந்தால் பேப்பரை மடித்து மடியில் வைத்துவிட்டுத் தொடங்குவார்.

"சர்வாதிகாரம் எண்டால் என்ன? சமைக்கிற ஆளே ருசியும் பாத்து, நல்லாயிருக்கு எண்டு தானே சொல்லி, மற்றவை வாய் திறக்கப்படாது எண்டுறது."

"அவசரகாலச் சட்டம் எண்டால், வீட்டுக்குக் கள்ளன் வந்திட்டான் எண்டு சொல்லி எங்கடை வாயைக் கட்டிப்போட்டு, கள்ளன் போனாப் பிறகும் அவிழ்க்க மறந்து போறது."

"இரகசிய வாக்கு எண்டால், போட்டதை மனுசிக்கும் சொல்லப்படாது. சொன்னால் அது வோட்டில்லை, ஊர்க்கதை."

கடைசியாகச் சொன்னதை அவரே ஒருநாளும் காப்பாற்றியதில்லை. அவர் யாருக்குப் போடுகிறார் என்பது மாமிக்கு மட்டுமல்ல, கரம்பொன் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவருக்கும் தெரியும்.

ஐம்பத்தாறாம் ஆண்டுத் தேர்தலில் ஊர்க்காரர் அவரைத் தங்கள் கட்சியின் முகவராக வாக்குச்சாவடியில் இருத்தினார்கள். சிங்களம் மட்டும் என்ற பேச்சு நாடெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு வாங்கு போட்டிருப்பார்கள். கட்சிக்கு ஒருவராக முகவர்கள் அதில் இருப்பார்கள். லிகிதர் பெயரை உரத்து வாசிக்க, வந்தவர் அந்தப் பெயருக்குரியவர்தானா என்று பார்ப்பது முகவரின் வேலை. இல்லையென்றால் "ஆட்சேபனை" என்று சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகவே கடவுள் தன்னைப் படைத்தார் என்பது மாமாவின் எண்ணம். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் அந்த வாங்கில் அவர் இருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த சால்வை, காதில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி ஒருவரும் கண்டதில்லை.

ஒருமுறை மற்றக் கட்சிக்காரர் வெளியூர் ஆள் ஒருவரைச் செத்துப்போன ஒருவரின் பெயரில் அனுப்பிவிட்டார்கள். மாமா எழுந்து நின்று, "ஆட்சேபனை. இந்தப் பேர்க்காரற்றை பாடைக்கு நான் தோள் குடுத்தனான். சரியான பாரம்" என்றார். வந்தவர் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார். அந்தச் செருப்பை மாமா வாசிகசாலை வாசலில் வைத்து, வருவோர் போவோருக்கெல்லாம் "கள்ள வோட்டின்ரை கால்" என்று காட்டினார்.

இவ்வளவு கெடுபிடியான மனிதர் கடை வோட்டு வந்தால் மட்டும் கூரையைப் பார்ப்பார்.

கடை வோட்டு என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. தீவுப்பகுதியில் பாதி வீடுகளில் ஆண்கள் தெற்கே கடை வைத்திருந்தார்கள். பெயர் ஊர் வாக்காளர் இடாப்பில் இருக்கும், ஆள் காலியிலோ குருநாகலிலோ கல்லாவில் இருப்பார். தேர்தலுக்கென்று கடையைப் பூட்டிவிட்டு ரயிலேறி வர யாரால் ஏலும்? ஆனால் வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்துவிடும். வீட்டில் இருக்கும் தம்பியோ மைத்துனரோ அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். விரலில் பூசும் மையைச் சமாளிக்கத் தேங்காயெண்ணெய், பப்பாசிப் பால் என்று ஆளுக்கொரு கைமருந்து இருந்தது. இதை ஊரில் ஒருவரும் களவென்று சொன்னதில்லை. அண்ணனின் பங்குத் தோட்டத்தைத் தம்பி பார்ப்பதில்லையா, அதுபோல இதையும் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் எல்லோரும் ஒரே பக்கம் என்பதால் அண்ணன் வந்திருந்தாலும் அதற்குத்தான் போட்டிருப்பார் என்பது அவர்களின் நியாயம். இதே வேலையை மற்றக் கட்சிக்காரர் செய்தால் அது கள்ள வோட்டு.

என் ஐயா அரியநாயகம் இரத்தினபுரிக்கு அப்பால் ஒரு சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கோயில் திருவிழாவுக்கும் வருசப்பிறப்புக்கும் வருவார். அவருடைய வோட்டைப் போட்டு வந்தவர் அவரின் தம்பி, எங்கள் குலசிங்கம் சித்தப்பா. ஐயா சீதனமாகக் கிடைத்த அம்மாவின் வீட்டில் வந்து தங்கினாலும் அவருடைய பெயர் பிறந்த வீட்டு விலாசத்தில்தான் இருந்தது. அங்கே சித்தப்பா இருந்தார். அட்டை அவர் கைக்கே போகும்.

ஐயா ஊருக்கு வரும்போதெல்லாம் மாமாவிடம் ஒரு பகிடி விடுவார்.

"மச்சான், இந்தமுறை நான் ஆருக்குப் போட்டனான்?"

"நல்ல ஆளுக்குத்தான் போட்டனீர்" என்பார் மாமா.

"வெண்டனானோ?"

"வெண்டனீர், வெண்டனீர்."

வீடே சிரிக்கும். சின்ன வயதில் எனக்கும் அது பெரிய பகிடியாகத்தான் இருந்தது.

எழுபத்தேழில் தேர்தல் முடிந்த அடுத்த மாதம் கலவரத்தில் ஐயாவின் கடையை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஐயா உடுத்த சாறத்தோடு வந்தார். ஆறு மாதம் இருந்துவிட்டு, அம்மாவின் நகையைக் கொண்டுபோய்த் திரும்பவும் திறந்தார். எண்பத்தொன்று ஆவணியில் எரித்தே விட்டார்கள். இந்தமுறை வந்தவர் போகவில்லை. விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். கேட்டால் பதில் சொல்வார், கேளாவிட்டால் அதுவும் இல்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் மாவட்டசபைத் தேர்தலில் வாக்குப்பெட்டிகள் காணாமற் போய்விட்டன என்று யாழ்ப்பாணம் முழுக்கப் பேச்சு. மாமாவுக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கிழமைக்கு அவர் வாயில் பத்திரிகைத் தமிழைத் தவிர வேறு தமிழ் வரவில்லை. "சனநாயகப் படுகொலை" என்று எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று முழங்கினார். சித்தப்பாவும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஏன் அண்ணை, அந்தப் பெட்டியளுக்கை எங்கடை கடை வோட்டு எத்தினை போச்சுதெண்டு பாத்தனீங்களோ?"

மாமாவுக்கு அது சிரிப்பாக இருந்தது. தங்கச்சி சறோஜினிக்கு எப்போதும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு முழக்கத்தைத் தொடர்ந்தார்.

எண்பத்திரண்டு ஐப்பசியில் சனாதிபதித் தேர்தல் வந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அதற்குப் போகவில்லை. ஐயாவும் கதிரையை விட்டு எழும்பவில்லை. இரண்டு மாதத்துக்குள் இன்னொன்று வந்தது. சர்வசன வாக்கெடுப்பு. இருக்கிற பாராளுமன்றம் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு வருசம் இருக்கலாமா என்று கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம்.

மாமா விறாந்தைக்கு வந்து எங்களுக்கெல்லாம் விளக்கினார்.

"காணியைக் குத்தகைக்கு எடுத்தவன் தவணை முடியிற நேரம் வந்து, 'நான் எழும்பேல்லை, இன்னொரு தவணைக்கு இருக்கப்போறன், ஓமெண்டு சொல்லுங்கோ' எண்டு கேக்கிறான். அதுதான் சர்வசன வாக்கெடுப்பு. குத்தகையை ஏலத்திலை கூறினால் வேறை ஆரும் கூடக் கேட்டுப்போடுவினம் எண்டு அவனுக்குப் பயம்."

ஐயா கதிரையைத் திருப்பினார். அவ்வளவு காலத்தில் அவராக எங்கள் பக்கம் திரும்பியது அன்றுதான்.

"நானும் அந்தக் கடையைக் குத்தகைக்குத்தானே வைச்சிருந்தனான்" என்றார். "ஒவ்வொரு தவணையும் முடியேக்கை வெத்திலையோடை போய் உடையவனைக் கேட்டனான். அவன் ஓமெண்டு சொல்லுமட்டும் முற்றத்திலை நிண்டனான். அப்ப இது எங்களைக் கேக்கிற கேள்வியோ, மச்சான்?"

"ஓம், எல்லாரையும் கேக்கினம்."

"என்னையுமோ?"

"உம்மையும்தான்."

"அப்ப நான் போய்ப் பதில் சொல்லவேணும்."

அம்மா குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த மனிதர் ஏதாவது ஒன்றை வேண்டும் என்று கேட்டு ஒரு வருசத்துக்கு மேலாகியிருந்தது.

வாக்கெடுப்பு நாளன்று காலையிலிருந்தே மார்கழி மழை. கோயிலில் திருவெம்பாவைப் பூசை முடிந்த கையோடு மாமா வாங்குக்குப் போய்விட்டார். ஐயா வெள்ளை வேட்டி கட்டி, எண்ணெய் வைத்துத் தலை இழுத்து, மழை சற்றுக் குறையும்வரை வாசலில் நின்றார். எனக்கும் அதுவே முதல் வோட்டு. ஐயாவுக்கும் அதுவே முதல் வோட்டு என்பது வழியில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. ஐம்பத்தைந்து வயது மனிதர், அட்டை இல்லாமல் விடுவார்களோ என்று இரண்டு தரம் கேட்டார். அட்டைக்காகச் சித்தப்பா வீட்டுக்கு அலையவேண்டாம், பெயர் இருந்தால் போதும் என்று மாமா சொல்லியிருந்ததை நான் திருப்பிச் சொன்னேன்.

மண்டபத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. ஐயா என்னைவிட முன்னால் போய்விட்டார். லிகிதர் பெயரை வாசித்தார். பிறகு குனிந்து பார்த்தார்.

"அரியநாயகம். இது போட்டாச்சு."

"நான் இப்பதானே வாறன், தம்பி."

"காலமை போட்டாச்சு ஐயா. கோடு இழுத்திருக்கு."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவின் முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. மழைக்குள் முதல் ஆளாகச் சித்தப்பா வந்திருக்கிறார். லிகிதர் பெயரை வாசித்திருக்கிறார், சித்தப்பா ஓம் என்றிருக்கிறார், மாமா வழக்கம்போலக் கூரையைப் பார்த்திருக்கிறார். அண்ணன் ஐப்பசியில் போகவில்லை, இப்போதும் போகமாட்டார், வோட்டு வீணாகப் போகக்கூடாது என்று சித்தப்பா நினைத்திருக்கிறார். அண்ணனைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கேட்காமல் செய்தே பழகிவிட்டார். ஐயா வருவார் என்று தெரிந்திருந்தும் மாமாவின் கண் பழக்கத்தில் கூரைக்குப் போயிருக்கிறது.

பொறுப்பதிகாரி யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து வந்தவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் நின்ற இரண்டு பொலிஸ்காரரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"ஆள்மாறாட்டம் சின்ன விசயமில்லை" என்றார் அவர். "முகவர்மார் சொல்லுங்கோ. இவர் அரியநாயகம்தானோ?"

அவர் மாமாவைத்தான் பார்த்தார். மாமா இல்லை என்றால் ஐயாவைப் பொலிஸ் கொண்டுபோகும். ஓம் என்றால் காலையில் வந்தது யார் என்ற கேள்வி வரும், சித்தப்பாவைக் கொண்டுபோகும். அந்த வருசம் பொலிஸ் கொண்டுபோன ஒருவரை எதற்காகக் கொண்டுபோனார்கள் என்பதும், எப்போது விடுவார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது. பேசாமல் இருக்கவும் வழியில்லை. ஐயா நடுமண்டபத்தில் தலை நனைந்தபடி, எண்ணெய் நெற்றியில் வழிய நின்றுகொண்டிருந்தார்.

மாமா எழுந்தார். பத்திரிகைத் தமிழ் வரவில்லை.

"இவர்தான் அரியநாயகம். என்ரை தங்கச்சியின்ரை புருசன்."

"அப்ப காலமை வந்தது ஆர்?"

"அவரையும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டனான். பேர் சொல்லமாட்டன். பிடிக்கிறதெண்டால் என்னைப் பிடியுங்கோ."

பொறுப்பதிகாரி மாமாவையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தார். அவரும் தமிழர்தான், வீட்டில் பிள்ளைகுட்டி உள்ளவராக இருக்கவேண்டும். பொலிஸ்காரரைப் பார்த்து, ஒன்றுமில்லை, இடாப்பில் ஒரு பிழை என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு மாமாவிடம் திரும்பினார். "நீர் எழும்பி வெளியாலை போம். இனி இந்த வாங்கிலை உமக்கு இடமில்லை."

மாமா சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். காதில் இருந்த பென்சிலை வாங்கில் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கினார். ஐயாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, வேறொரு நிறச் சீட்டைக் கொடுத்தார்கள். அதை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும் அந்தச் சீட்டைப் பெட்டிக்குள் போடவிடாமல் ஓர் உறைக்குள் வைத்து ஒட்டினார்கள். என் சீட்டில் புள்ளடி போட்டு நான் பெட்டிக்குள் போட்டேன்.

வெளியே பள்ளிக்கூட மதிலோடு மாமா நனைந்தபடி நின்றார். ஐயா நேரே அவரிடம் போனார்.

"மச்சான், என்ரை சீட்டை எண்ணுவினமோ?"

ஓம் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் முடிந்துவிடும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"எண்ணமாட்டினம்" என்றார் மாமா. "வழக்கு எண்டு வந்தால்தான் அந்த உறையை உடைப்பினம். இல்லாட்டி இல்லை. எண்ணப்போறது காலமை போட்டதைத்தான்."

ஐயா வேட்டியின் தலைப்பைப் பிழிந்தார். அவர் கோபித்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் குரல் உயரவில்லை.

"கடைக்குத் தீ வைச்சவங்கள் கூட முதல் என்ரை பேரைக் கேட்டவங்கள், மச்சான். நீங்கள் ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். நான் குடையோடு பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது மாமா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

முடிவு வந்தது. நாட்டில் விளக்கு வென்றது. யாழ்ப்பாணத்தில் குடம் அள்ளிக்கொண்டு போனது. சித்தப்பா அதைக் கேட்டுத் தைரியம் வந்து, வாசிகசாலையில் வைத்து மாமாவிடம் வாதாடினாராம்.

"அண்ணையும் குடத்துக்குத்தானே போட்டிருப்பார். நானும் குடத்துக்குத்தான் போட்டனான். ஒண்டுக்கு ஒண்டு சரி. இதிலை என்ன களவு?"

மாமா பேப்பரை மடித்தார். வழக்கம்போல விளக்கப்போகிறார் என்று எல்லோரும் காதைக் கொடுத்தார்கள்.

"குத்தகைக்காரனும் அதைத்தான் சொல்லுறான், குலசிங்கம். 'எப்பிடியும் ஓமெண்டுதானே சொல்லுவியள், பிறகேன் கேள்வி' எண்டு" என்றார். "கள்ள வோட்டு. நான் விட்டதெல்லாம் கள்ள வோட்டு. அண்டைக்கு அந்தச் செருப்பை ஏன் தூக்கிக் காட்டினனான் எண்டு எனக்கே வெக்கமாக் கிடக்கு."

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா இரண்டு தரம் ஆளனுப்பினாள். ஐயா மீண்டும் கதிரையில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா பட்ட பாடு பெரிது. ஒருவர் புருசன், ஒருவர் கூடப்பிறந்தவர்.

தைப்பொங்கலன்று மத்தியானம் மாமா வந்தார். கையில் ஒரு வாழைக்குலை. அதை விறாந்தையில் வைத்துவிட்டு, இருக்கச் சொல்லியும் இருக்காமல், ஐயாவின் கதிரைக்கு முன்னால் போய் நின்றார். வீட்டுக்குள்ளிருந்து வரும் வழி அதனால் அடைபட்டது. பொங்கல் கிண்ணத்தோடு நானும் அம்மாவும் நின்றுவிட்டோம்.

"மச்சான்" என்றார் மாமா. "இந்தமுறை நீர் எதுக்குப் போட்டனீர்?"

வருசக்கணக்காக ஐயா விட்ட பகிடியை மாமா திருப்பி விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபோது அது பகிடி இல்லை என்று தெரிந்தது. அந்தக் கேள்வியை ஐயாவிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஐயா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கதிரையைத் திருப்பி, பக்கத்தில் கிடந்த வாங்கைக் காலால் மாமாவின் பக்கம் தள்ளிவிட்டார்.

"அதைச் சொல்லப்படாது" என்றார். "மனுசிக்கும் சொல்லப்படாது எண்டு நீர்தானே சொன்னனீர்."

மாமா வாங்கில் இருந்தார். சால்வையால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா இரண்டு பேருக்கும் பொங்கலைக் கொடுத்தாள். ஐயா தன் சீட்டில் எதற்குப் புள்ளடி போட்டார் என்பதைக் கடைசிவரை எங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை.